தையல் பயிற்சி மையம், முதல் மாடி

ஜூன் 2, திங்கள்

சென்னையிலிருந்து வந்த மனநல ஆலோசகர் எங்கள் எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார். ஊரார் துயரத்தைக் கேட்டுக் கேட்டு எங்கள் மனத்தில் அழுத்தம் சேர்ந்திருக்கிறதாம். தினமும் நாட்குறிப்பு எழுதினால் குறையுமாம். இயக்குநர் லூர்துசாமி சார் கண்ணைத் திறக்காமலே, "அங்கயற்கண்ணி, எல்லாருக்கும் ஆளுக்கொரு டைரி" என்றார். நான் எழுந்து கடைக்குப் போனேன். மற்றவர்கள் மூச்சை விட்டார்கள்.

எனக்கு அழுத்தம் எதுவும் இல்லை. வாங்கிய டைரி வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வேலை: 'நிகர்' சமூக நீதி மையம், திண்டுக்கல். அலுவலக நிர்வாகி. சாதி மாறிக் காதலித்துவிட்டு, உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, திருமணம் செய்துவைத்து, போலீஸ் பாதுகாப்பு வாங்கித் தருவது எங்கள் மையத்தின் முக்கியப் பணி. சார் மேடையில் பேசுவார். வக்கீல் மெகருன்னிசா நீதிமன்றத்தில் பேசுவார். தண்ணீர் கேன்காரரிடமும் பந்தல்காரரிடமும் நான் பேசுவேன். பத்திரிகையில் வரும் திருமணப் படங்களில் நான் இருக்கமாட்டேன். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் மணமக்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

வீடு: அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். எனக்கு நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. ஹாலில் டி.வி.க்கு எதிரே படுக்கை. அண்ணன் கிரிக்கெட் பார்த்து முடித்ததும் பாயை விரித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எழுந்து வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும். வசதியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஃபிளக்ஸ் கடையில் சண்டை. வரும் பதினைந்தாம் தேதி மாநாட்டுக்கான பேனரில் 'சமூக நீதி' என்பதைச் 'சமூக நிதி' என்று அடித்து வைத்திருக்கிறார்கள். "ஒரு சுழிதானக்கா" என்கிறான். அந்த ஒரு சுழிக்காகத்தான் எங்கள் மையமே நடக்கிறது என்று சொல்லி, வேறு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் வாசலில் ஒரு குட்டியானை நிற்கிறது. சந்தைக்குக் காய்கறி ஏற்றும் சின்ன சரக்கு வண்டிதான். உள்ளே என் நாற்காலிக்கு எதிரே ஒரு பையனும் பெண்ணும். பையன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"மேடம், எங்களச் சேத்து வைக்கணும் மேடம். இல்லாட்டி உசுரோட விடமாட்டாங்க. இவங்க சித்தப்பா ஏற்கெனவே ஒருத்தன..."

பெயர் தினகரன். வயது இருபத்து மூன்று. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தின் காலனிக்காரன். வண்டி அவனுடையது. பெண் பெயர் தாரணி. வயது இருபது. பி.காம். முடித்தவள். அதே கிராமத்தில் ஊர்த்தெருவின் பெரிய வீடு. காதல் தெரிந்துபோய், வேறு ஒருவனுக்கு அவசர அவசரமாக நிச்சயம் செய்ய ஏற்பாடு நடந்ததாம். விடிவதற்குள் கிளம்பி வந்துவிட்டார்கள். இதையெல்லாம் பையன்தான் சொன்னான். கண்ணீரோடு, விரிவாக, நடுநடுவே தண்ணீர் குடித்து.

பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, வண்டிய நெழல்ல போட எடம் இருக்கா? டயரு சூடாக் கெடக்கு."

மெகர் வந்து இருவரின் வயதுச் சான்றுகளையும் பார்த்தார். வழக்கமான ஏற்பாடு. பையன் லூர்துசாமி சார் வீட்டில். பெண் எங்கள் முதல் மாடியில். அங்கே 'தையல் பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறோம். இரண்டு தையல் மிஷின்கள் உண்டு. தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓடி வரும் பெண்களை ஒளித்துவைக்க அந்த வீடு. வண்டி, மெகரின் அண்ணன் வீட்டுக் கொல்லைக்கு.

பெண்ணோடு துணைக்கு ஒருவர் தங்க வேண்டும். வழக்கமாகத் தங்கும் ரோஸி மகப்பேறு விடுப்பில் இருக்கிறாள். மெகருக்குக் கைக்குழந்தை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. அண்ணிக்குப் போன் செய்து, வேலை நிமித்தம் சில நாள் வர இயலாது என்றேன்.

"அப்ப நாளைக்கு மாவாட்டுறது?" என்றாள் அண்ணி.

ஜூன் 4, புதன்

மாடியில் இரண்டு அறைகள். எனக்கு ஒன்று. கட்டில். கதவுக்கு உள்தாழ்ப்பாள். கண் விழித்தபோது மணி ஏழு. உடம்புக்கு ஏதோ சரியில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்றும் ஏழு மணி.

அண்ணன் போன். "இட்லித் தட்டு எங்கம்மா இருக்கு?" மேல் அலமாரி, சம்புடத்துக்குப் பின்னால். மறுபடி போன். "இட்லித் துணி?" அதற்குள்ளேயே.

தாரணிக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் காலையில் சன்னலோரம் நின்று தெருவில் போகும் வண்டிகளின் சத்தத்தை வைத்தே, "இந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் போயிருச்சுக்கா" என்கிறாள். தினகரன் அவளை நினைத்து உருகுகிறான் என்று சார் சொன்னார். சாப்பாட்டு மேசையில் அவனை ஆற்றுவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறதாம். இதை அவளிடம் சொன்னேன். "பாவம்க்கா. நல்லா சாப்புடச் சொல்லுங்க. ஆமா, என் வண்டி எப்பிடி இருக்கு?" என்றாள்.

அவன் வண்டி என்று திருத்தினேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். மெகர் பிரியாணி கொண்டு வந்தார். வண்டி நலம் என்றும், நேற்று வரை ஆடுகள் அதன் நிழலில்தான் படுத்திருந்தன என்றும் தாரணியிடம் சொன்னார். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

ரோஸிக்குப் பதிலாக வத்தலகுண்டிலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புவதாகவும், நான் வீட்டுக்குப் போகலாம் என்றும் மெகர் சொன்னார். புது ஆளை நம்பி ஒப்படைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இது பாதுகாப்பு விஷயம்.

சாப்பிட்டு முடித்து நானும் தாரணியும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். அவள் கை விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க யார்கூட ஓடி வந்தீங்க?"

"யாரு, நானா? நான் இங்க வேல பாக்குறேன்மா."

"அது தெரியும். ஆனா உங்க வீடு இங்கருந்து ரெண்டு பஸ் ஸ்டாப்புதான்னு மெகரக்கா சொன்னாங்க. மாத்துச் சேலை எடுக்கக்கூட வீட்டுக்குப் போகாம அண்ணன் மகன வரச்சொல்லி வாங்குறீங்க. அதான் கேட்டேன்."

எச்சில் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. கழுவப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

மதியம் சாரும் மெகரும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் நான் மட்டும். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. நான்கு ஆட்கள். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் மூன்று மோதிரம். பார்த்ததுமே சித்தப்பா என்று தெரிந்துவிட்டது. தாரணிக்கும் அதே மூக்கு.

"ஏம்மா, இங்க எங்க வீட்டுப் புள்ள ஒண்ணு வந்துச்சா?"

"உக்காருங்க. பேரு?"

"தாரணி."

"தையலுக்கா? எத்தனாவது படிச்சுருக்கு?"

"தையலா? என்னம்மா சொல்ற?"

"மேல தையல் பயிற்சிதான் நடக்குது. எட்டாவது பாஸாயிருக்கணும். மூணு மாசம். முதல்ல காஜா, அப்புறம் பாவாடை. ஜாக்கெட்டுக்குத் தனி பேட்ச். பாப்பாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா? கண்ணாடி போட்டுருந்தா டாக்டர் சர்டிபிகேட்..."

"இந்தாம்மா. காதலிச்சு ஓடியாறவங்கள இங்க வச்சுக் கல்யாணம் பண்றீங்கன்னு கேள்விப்பட்டோம்."

"அது சார் பேசுறது. மேடையில. நான் தையலுக்குப் பொறுப்பு."

அப்போது மேலிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்டது. தடதடவென்று, மூச்சுவிடாமல், நூல் கோக்காத ஊசியோடு. அந்தப் பெண் மிஷினை லாரி ஓட்டுவது போல ஓட்டினாள். கூட வந்தவர்களில் ஒருவன் மாடிப்படியில் கால் வைத்தான். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"பொம்பளப் புள்ளைங்க அளவெடுத்துட்டு இருக்குதுங்க. ஆம்பளைங்க மேல போகக் கூடாது. உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா விடுவீங்களா?"

அந்தக் கேள்வி அவருக்குப் பட்டது. கையைக் காட்டி அவனை இறக்கினார். போகும்போது வாசலில் நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னார். "கெடைச்சா ரெண்டு பேரையும் ஒரே குழியில போடுவோம்மா. உங்க சார்கிட்ட சொல்லு."

கார் போனபின் தண்ணீர் குடித்தேன். டம்ளர் பல்லில் டகடகவென்று இடித்தது. காலையில் காபி அதிகம்.

மாடிக்குப் போனால், தாரணி இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தாள். போய்விட்டார்கள் என்று சொல்லியும் கால் நிற்கவில்லை. நான் குனிந்து அவள் முழங்காலைப் பிடித்து நிறுத்தினேன். அதன்பிறகுதான் அழுதாள்.

ஜூன் 10, செவ்வாய்

மகளிர் காவல் நிலையத்திலிருந்து மெகருக்குப் போன். பெண்ணைக் கடத்திவிட்டதாகப் புகார். வெள்ளிக்கிழமை இருவரையும் ஆஜர்படுத்த வேண்டும்.

சார் உடனே திட்டமிட்டார். வியாழக்கிழமை காலை அலுவலகத்திலேயே மாலை மாற்றித் திருமணம். வெள்ளிக்கிழமை கணவன் மனைவியாகக் காவல் நிலையம். ஞாயிற்றுக்கிழமை மாநாட்டு மேடையில் பாராட்டு. கல்யாணம் ஆகாமல் போய் நின்றால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பையன் மேல் கடத்தல் வழக்கு விழும் என்றார். சரிதான். எத்தனையோ முறை அப்படி நடந்திருக்கிறது.

மாலைக்குச் சொன்னேன். சந்தனம், சர்க்கரை உண்டு. மைக் வேண்டாம். தினகரனுக்குச் சட்டை எடுக்கப் போனேன். அவனுக்குப் பட்டுச் சட்டைதான் வேண்டுமாம், அதுவும் தாரணியின் புடவை நிறத்திலேயே. "அப்பதான் மேடம் போட்டோல சேந்து தெரிவோம்." தாரணியிடம் புடவை நிறம் கேட்டேன்.

"எதுனாலும் சரிக்கா. இந்தப் படத்துல, முக்கோணத்துக்குள்ள வளஞ்ச அம்பு இருந்தா என்ன அர்த்தம்?"

சாலை விதிப் புத்தகம். எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. மெகர்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

எனக்குக் கையெழுத்து சரியாக வரவில்லை. கோபம்.

காலையில் புடவை மடிப்பு வைத்துப் பார்க்கலாம் என்று அவளை நிற்கவைத்தேன். கொசுவத்தைச் செருகிக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலிருந்து சொல்கிறாள்: "அக்கா, எனக்குக் கல்யாணம் வேணாம்."

"என்னது?"

"இப்ப வேணாம். யார்கூடவும் வேணாம்."

"தினகரன்கூடச் சண்டையா?"

"இல்லக்கா. அது நல்ல மனுசன். சத்தம் போட்டுப் பேசாது. வண்டி ஓட்டக் கத்துக்குடுத்துச்சு. எங்க வீட்டுல நான் சைக்கிள் மிதிச்சாலே அடி. மொத மொத அந்த ஸ்டியரிங்கப் புடிச்சு, நாலுவழிச் சாலையில நாலாவது கியர் போட்டேன் பாருங்க..." அவள் முகம் சொல்ல முடியாத மாதிரி ஆனது. "அதத்தான் நான் காதல்னு நெனச்சுட்டேன். இங்க வந்து ஒரு வாரமா யோசிச்சுட்டே கெடக்குறேன். தினகரன் ஞாபகம் வந்தா கூடவே வண்டி ஞாபகம் வருது. வண்டி ஞாபகம் வந்தா அது ஞாபகம் வரமாட்டேங்குது."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மாலைக்குச் சொல்லியாயிற்று, பையன் உயிரைப் பணயம் வைத்து வந்திருக்கிறான், சார் பேச்சு தயாரித்துவிட்டார், வெள்ளிக்கிழமை போலீஸ், விளையாட்டா இது என்று. அவள் பாதி கட்டிய புடவையோடு நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுல, கட்டுனா நாங்க சொல்றவனக் கட்டுங்குறாங்க. இங்க, வந்துட்டல்ல, கட்டுங்குறீங்க. கட்டாம இருக்குறதுக்கு எந்த ஊருக்குக்கா போகணும்?"

கையிலிருந்த கொசுவத்தை விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் இல்லை. கொசு.

ஜூன் 12, வியாழன்

மாலைகள் வந்துவிட்டன. சாருக்கும் மெகருக்கும் நேற்று மாலையே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். காலையில் சார் அறையில் கூட்டம். நான் டீ கொண்டு போனேன்.

சார் எழுந்து நின்று பேசினார். இரண்டு பேர் இருக்கும் அறையிலும் அவர் நின்றுதான் பேசுவார். "தோழர் மெகருன்னிசா, இது தனிப்பட்ட இருவரின் பிரச்சினை அல்ல. ஒரு இயக்கத்தின் நம்பகத்தன்மை. நானூறு பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பயத்தில் ஏதோ உளறுகிறாள். அங்கயற்கண்ணியைவிட்டு இன்னொரு முறை எடுத்துச் சொல்லச் சொல்வோம்."

"அவ வேணாம்னு சொல்லிட்டா சார்" என்றேன்.

தட்டு என் கையிலேயே இருந்தது. பதினோரு வருடத்தில் கூட்டத்தில் நான் சொன்ன முதல் வாக்கியம், 'சர்க்கரை போதுமா' என்பதைக் கழித்துவிட்டால். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததால் மேலும் சொல்ல வேண்டியதாயிற்று.

"பயந்து சொல்லல. பயம் இருந்தா கல்யாணம் பண்ணிக்கிறதுதான் அவளுக்கு லேசு. நான் எடுத்துச் சொல்லமாட்டேன் சார்."

மெகர் டீயை எடுத்துக்கொண்டார். "நாம என்ன கல்யாணத் தரகர் ஆபீஸா நடத்துறோம் சார்? வயசு வந்த பொண்ணு. அவ இஷ்டத்துக்கு நிக்கிறதுதான நம்ம வேல? வழக்கு என் பாடு. கஷ்டம்தான். பாப்போம்."

சார் மாடிக்குப் போனார். தையல் மிஷின் முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவளோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவர் படியிலேயே நின்றார்.

"அவங்க அப்பா கட்டாயப்படுத்துனா அதுக்குப் பேரு சாதி ஆணவம்ங்குறோம். நான் கட்டாயப்படுத்துனா அதுக்கு..."

அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் இன்றுதான் பார்த்தேன்.

தினகரனிடம் தாரணியே சொன்னாள். கதவுக்கு வெளியே நான் காவல் என்பதால் காதில் விழுந்தது.

"அப்ப என்னைப் புடிக்கலயா?"

"புடிக்கும். கல்யாணம்தான் புடிக்கல. ரெண்டும் வேறல்ல?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "சட்டைக்குக் காஜா எடுத்துட்டாங்க தாரணி. திருப்பிக்கூட எடுக்கமாட்டாங்க."

மாலைகளை அலுவலகத்தில் தலைவர்கள் படத்துக்குப் போட்டுவிட்டோம். இன்று யாருக்கும் பிறந்த நாள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மகளிர் காவல் நிலையம். சார், மெகர், தாரணி, தினகரன், நான். எதிர் பெஞ்சில் சித்தப்பா. கூட இரண்டு ஆட்கள். ஓரத்தில் தாரணியின் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அப்பா வரவில்லை. மகள் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டாராம்.

இன்ஸ்பெக்டர் களைத்த பெண்மணி. இதுபோல் நூறு பார்த்தவர். நேராகக் கேட்டார்.

"ஏம்மா, அம்மா கூடப் போறியா, இந்தப் பையன் கூடப் போறியா?"

"யார்கூடவும் இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேள்வி புரிஞ்சுச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"புரிஞ்சுச்சு மேடம். நான் தனியாப் போறேன்."

"என்ன வக்கீலம்மா இது?"

"மேஜர் மேடம்" என்றார் மெகர். "எங்க போறதுன்னு அவதான் முடிவு பண்ணணும். திருச்சியில பொம்பளைங்களுக்கு டிரைவிங் சொல்லிக்குடுக்குற ஒரு அமைப்பு இருக்கு. தங்குறதுக்கு எடமும் பேசிட்டேன்."

சித்தப்பா பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் கதை மேடம்! இந்தப் பய எங்க புள்ளைய வண்டியில தூக்கிப் போட்டுக் கடத்திட்டுப் போயிருக்கான். ஊரே பாத்துச்சு. அவன்மேல கேஸப் போடுங்க."

தினகரன் முகம் வெளிறிவிட்டது. அவன் என்ன சொன்னாலும் நிற்காது என்று அவனுக்கே தெரியும். இந்த மாதிரி நேரங்களில் பெண்கள் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, என்னைக் கடத்திட்டான்" என்று சொல்லிவிடுவதும் நடந்திருக்கிறது. நான் தாரணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடத்திட்டுப் போனது நான்தான் மேடம்" என்றாள்.

"என்னது?"

"வண்டிய ஓட்டுனது நான். எங்க வீட்டுலருந்து திண்டுக்கல் வரைக்கும் நான்தான் ஓட்டியாந்தேன். இவரு பக்கத்துல உக்காந்து, 'மெதுவா, மெதுவா'ன்னுட்டே வந்தாரு. பாவம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லைசென்ஸ் இருக்கா?"

"எல்.எல்.ஆர். இருக்கு மேடம். முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு ஒட்டிருக்கேன். பக்கத்துல லைசென்ஸ் வச்சவரு இருக்கணும்ல, அதுக்குத்தான் இவரு. ரூல்ஸ்படிதான் ஓடியாந்தோம்."

கதவோரம் நின்ற பெண் காவலர் சிரித்துவிட்டு இருமினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. சித்தப்பாவை உட்காரச் சொன்னார். தாரணி சொன்னதை அப்படியே எழுதி வாங்கினார். பையனுக்கோ பெண்ணுக்கோ ஏதாவது நேர்ந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சித்தப்பாவிடம் சொல்லி, அவரிடமும் எழுதி வாங்கினார். சித்தப்பா தாரணியின் காலடியில் காறித் துப்பிவிட்டு வெளியேறினார். அதைத் துடைக்கச் சொல்லி அவரைத் திரும்ப அழைத்தார் இன்ஸ்பெக்டர். துடைத்தார், தோளிலிருந்த துண்டால்.

அம்மா மட்டும் பின்தங்கினார். அருகில் வந்து மகள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். நான் குறுக்கே போகப் போனேன். கை தோளிலேயே நின்றது.

"ரிவர்ஸும் எடுப்பியாடி?" என்றார் தாழ்ந்த குரலில்.

"எடுப்பேம்மா."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஜூன் 14, சனி

தாரணி திருச்சிக்கு. மெகர் கூடப் போகிறார். தினகரன் கொஞ்ச காலம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருந்து, அங்கேயே வண்டி ஓட்டப் போகிறான். பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீயே ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தான். முன்னால் அவர்கள் இருவரும் மெகரும். பின்னால், காய்கறி ஏற்றும் இடத்தில், பெட்டியோடு நான். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவள் அவ்வளவு பதமாக ஏற்றி இறக்கினாள். அவன் ஒரு முறைகூட 'மெதுவா' என்று சொல்லவில்லை.

பஸ் கிளம்பும்போது சன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களும் இனி வீட்டுக்குப் போயிருவீங்கல்ல?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாநாடு. நானூறு நாற்காலி, நானூறு பிரியாணி. தயாரித்த பேச்சைச் சார் பையிலேயே வைத்துவிட்டார். "இன்று இங்கே ஒரு மணமகளைப் பாராட்டுவதாக இருந்தோம். அவர் திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவரைப் பாராட்டுகிறோம்" என்று ஆரம்பித்தார். கூட்டத்துக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் முதலில் தட்டினாள். ஐந்து வருடத்துக்கு முன்பு நாங்கள் திருமணம் செய்துவைத்தவள். பக்கத்திலிருந்த அவள் கணவன் அவளைக் கவலையோடு பார்த்தான்.

ஜூன் 17, செவ்வாய்

இன்னும் மாடியில்தான். தையல் மிஷின்களுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது.

ஜூன் 18, புதன்

மாடி வீட்டின் திரைச்சீலைகளைத் துவைத்தேன். காய வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

காய்ந்துவிட்டன. அண்ணி போன் செய்தாள். "அந்தப் பொண்ணுதான் போயிருச்சாமே. நீ எப்ப வர்ற?" சில நிர்வாக வேலைகள் பாக்கி என்றேன். என்ன வேலை என்றாள். என்னால் ஒன்றும் யோசிக்க முடியவில்லை.

மெகர் என் மேசை அருகே வந்து நின்றார். "கண்ணியக்கா, இந்த மாடி வீடு ஓடி வர்றவங்களுக்குத்தான். நீங்க இருக்கலாம். ஆனா யார்கிட்டயிருந்து ஓடி வந்தீங்கன்னு நான் ரிக்கார்டுல எழுதணும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். சிரித்தேன். மதியம் வரை சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடமிருந்தா? அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அண்ணியும் கெட்டவள் இல்லை. யாரும் என்னை அடைத்துவைக்கவில்லை. ஓடிவர எனக்குக் காரணமே கிடையாது. பிறகு ஏன் அந்த உள்தாழ்ப்பாளைத் தினமும் இரண்டு முறை போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்?

மாலையில் நாகல் நகர் பக்கம் வீடு பார்க்கப் போனேன். சும்மா பார்க்கத்தான்.

ஜூன் 21, சனி

வீட்டுக்கார அம்மா சின்னப்பொண்ணு மாடிக் கதவைத் திறந்து காட்டினார். ஓர் அறை, ஒரு அடுப்படி, தெருவைப் பார்த்த சன்னல்.

"எத்தன பேரு?"

"நான்தான்."

"வீட்டுக்காரரு?"

"இல்ல."

"வெளியூருல இருக்காரா?"

"இல்லவே இல்லங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராத்திரியில டி.வி. சத்தமா வைப்பியா?"

"என்கிட்ட டி.வி.யே இல்ல" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை. அவர் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு தானும் சிரித்தார்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி அழுதாள். ஊர் என்ன சொல்லும் என்றாள். பிள்ளைகள் பாயைப் பார்த்துவிட்டு, "அப்ப ஹாலுல சோபா போடலாமா அத்தை?" என்றார்கள். அண்ணன் டி.வி.யை அணைத்துவிட்டு, அணைந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. மற்றதெல்லாம் பரவாயில்லை.

ஜூன் 29, ஞாயிறு

புது வீட்டில் நான்காவது நாள். எட்டு மணிக்கு எழுந்தேன். சன்னலருகே நின்று பார்த்தால் தெருவில் அண்ணன் நிற்கிறார், கையில் என் தலையணையோடு. எந்த வீடு என்று தெரியாமல் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார். கூப்பிட்டேன்.

நாற்காலி இன்னும் வாங்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை.

"நாங்க என்னம்மா தப்பு செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யலண்ணே."

"அப்புறம் ஏன்?"

"கதவச் சாத்திக்கணும் போல இருந்துச்சு."

"அங்கயும் கதவு இருக்கே."

"அது வாசக்கதவுண்ணே."

அவர் யோசித்தார். ஹாலுக்கு வேறு கதவு உண்டா என்று மனத்துக்குள்ளேயே வீட்டைச் சுற்றி வந்திருப்பார். இருபது வருடமாக இருக்கும் வீடு. அப்படிச் சுற்றித் திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. தலையணையைத் தட்டித் தட்டி உப்பவைத்துக்கொண்டே இருந்தார்.

"காபி இருக்கா?" என்றார் கடைசியில்.

"பால் இல்லண்ணே. தெருமுனையில கடை இருக்கு."

அவர் காத்திருந்தார். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போவேன் என்று. நானும் கிட்டத்தட்ட எழுந்துவிட்டேன். காலை மடித்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்து, உட்கார்ந்தே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் செருப்பை மாட்டினார்.

சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் மூன்று பெண்களுக்குப் பின்னால் அண்ணன் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. அவர் முறை வந்ததும் கடைக்காரரிடம் ஏதோ கேட்டார், கடைக்காரர் ஏதோ கேட்டார், மறுபடி இவர் ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது நடையில் ஒரு மிடுக்கு. மாடியேறி வந்து பாக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

தயிர்.

மறுபடியும் அனுப்பினேன். போனார்.